மகத்தின் ஒளிக்குப் பக்கத்தில் ஒரு கேலக்ஸி: லியோ 1ஐத் தொலைநோக்கியில் கண்ணால் பார்க்க முழு வழிகாட்டி

சிம்ம ராசியின் பிரகாசமான நட்சத்திரம் மகம். நட்சத்திர வரைபடங்களில் ரெகுலஸ் என்று போட்டிருக்கும். அதற்கு நேர் வடக்கே, முழுநிலவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, லியோ 1 என்ற குட்டி கேலக்ஸி இருக்கிறது. மகம் நம்மிடமிருந்து 79 ஒளியாண்டு. லியோ 1 சுமார் 8 லட்சம் ஒளியாண்டு. நம் பால்வீதியின் துணை கேலக்ஸிகளில் மிகத் தொலைவில் இருப்பவற்றுள் இதுவும் ஒன்று.

இடம் தெரிந்துகொள்வது மிகச் சுலபம். மகத்தைக் காட்டத் தெரிந்த பாட்டியே போதும். ஆனால் ஐபீஸில் (தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் வில்லைத் தொகுதி) கண்ணை வைத்ததும் தெரிகிற மங்கலான வெளிச்சம் கேலக்ஸியுடையதா, மகத்திலிருந்து சிதறி வந்ததா? எதிரே வருகிற லாரியின் ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் நடந்துபோகிறவரைத் தேடுவது மாதிரியான வேலை இது. "லியோ 1 பார்த்தேன்" என்று சொல்பவர்களில் ஒரு பகுதியினர் பார்த்தது மகத்தின் ஒளிச்சிதறலைத்தான் என்பது என் சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்கு இடம் தராமல் பார்ப்பது எப்படி என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

1950 வரை ஏன் சிக்கவில்லை

தொலைநோக்கி வாங்கிய எவரும் ஒருமுறையாவது மகத்தைப் பார்த்திருப்பார்கள். அதன் பக்கத்திலேயே ஒரு கேலக்ஸி இருந்தும் பட்டியலில் ஏறவில்லை. வானியலாளர் டிரையர் 1888ல் தொகுத்த என்ஜிசி என்ற வான்பொருள் பட்டியலில் 7840 பொருட்கள் உண்டு. லியோ 1 அதில் இல்லை, பின்னால் வந்த ஐசி இணைப்புகளிலும் இல்லை. இன்றைக்கும் அதற்கு என்ஜிசி எண் கிடையாது. யுஜிசி என்ற கேலக்ஸிப் பட்டியலின் எண்ணை வைத்து, யுஜிசி 5470 என்று தேடினால் கிடைக்கும்.

அது அகப்பட்டது கலிபோர்னியாவின் பாலோமர் மலையில். 1949ல் அங்கே 48 அங்குல ஷ்மிட் தொலைநோக்கியைக் கொண்டு வானத்தைத் துண்டு துண்டாகப் படமெடுக்கும் பெரிய வேலை ஆரம்பமானது. நேஷனல் ஜியாக்ரஃபிக் சொசைட்டி பணம் கொடுத்தது. 14 அங்குலச் சதுரக் கண்ணாடித் தகடு ஒவ்வொன்றும் ஆறரை பாகை அகல வானத்தைப் பிடித்தது. அந்தத் தகடுகளை ஆராய்ந்த ராபர்ட் ஹாரிங்டன், ஆல்பர்ட் வில்சன் இருவரும் 1950ல் சிம்மத்தில் இரண்டு புதிய நட்சத்திர அமைப்புகளை அறிவித்தார்கள். ஒன்று லியோ 1, மற்றது லியோ 2. இதே இருவரும் அதற்கு முந்தைய நவம்பரில் ஒரு வால்நட்சத்திரத்தையும் பிடித்திருந்தார்கள். அது சீக்கிரமே தொலைந்துபோய், 1979ல் குறுங்கோள் என்ற பெயரில் திரும்பக் கிடைத்தது தனிக்கதை.

தகட்டில் விழுந்தது முன்பு கண்ணில் விழாததற்குக் காரணம் எளிது. தகடு நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைக்கும். கண் சேர்த்து வைக்காது. வித்தியாசம் தெரிந்தால்தான் பார்க்கும்.

எண்கள் சொல்வது

லியோ 1இன் மொத்தப் பொலிவெண் (பிரகாசத்தைக் குறிக்கும் எண்) கிட்டத்தட்ட 10. இதைப் படித்துவிட்டு "அட, 4 அங்குலத் தொலைநோக்கியே போதுமே" என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பத்து, கேலக்ஸியின் வெளிச்சம் முழுவதையும் ஒரே புள்ளியில் குவித்தால் வரும் கணக்கு. உண்மையில் அது சுமார் 10க்கு 7 வில்நிமிடப் பரப்பில் பரந்து கிடக்கிறது (ஒரு பாகையில் 60 வில்நிமிடம், ஒரு வில்நிமிடத்தில் 60 வில்நொடி). பார்க்க வேண்டியது பரப்புப் பொலிவை. அதாவது ஒரு சதுர வில்நொடியில் எவ்வளவு ஒளி.

லியோ 1இன் நடுப்பகுதியிலேயே அது 22.5 அளவில்தான் இருக்கிறது. நல்ல இருட்டான கிராமத்து வானமே 21.5 இருக்கும். பொலிவெண்ணில் எண் கூடினால் மங்கல் என்பதால், கேலக்ஸியின் மையம் வெறும் வானத்தைவிட மங்கல் என்று அர்த்தம். அப்படியானால் எப்படித் தெரியும்? வானத்தின் ஒளிமேல் கேலக்ஸியின் ஒளி கூடுதலாகச் சேர்கிறதே, அந்தக் கூடுதலைத்தான் பார்க்கிறோம். 21.5 வானத்தில் மையத்தில் இந்தக் கூடுதல் நூற்றுக்கு 40. 19.5 உள்ள நகர்ப்புற ஓரத்தில் நூற்றுக்கு 6. நகருக்குள் 18 என்றால் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை.

இந்த விகிதத்தை எந்தத் தொலைநோக்கியாலும் மாற்ற முடியாது. பெரிய கண்ணாடி வானத்தையும் கேலக்ஸியையும் சேர்த்தேதான் கொண்டுவரும். அதனால் கையில் பணம் இருந்தால், அதைப் பெரிய தொலைநோக்கியில் போடுவதைவிட இருட்டான இடத்துக்குப் போகும் பெட்ரோலில் போடுவது மேல்.

நாளும் இடமும்

மகம் பகலில் சூரியனோடு இருப்பது ஆவணியில். அதிலிருந்து தள்ளி, தை முதல் சித்திரை வரை பருவம். தை அமாவாசையை ஒட்டி மகம் உச்சிக்கு வரும்போது பின்னிரவு ஒன்றரை, இரண்டு மணி ஆகிவிடும். மாசியில் நள்ளிரவு வாக்கில், பங்குனியில் பத்து மணிக்கு அப்படி இப்படி. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்திருக்கும் காலமும் இதுவேதான்.

ஒரு நாளை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்கவேண்டும்: மாசி மகம். அன்று முழுநிலவு மகத்துக்கு அருகிலேயே நிற்கும். கடலாடப் போகலாம், லியோ 1 தேடப் போகக்கூடாது. அமாவாசைக்கு முன்னும் பின்னும் நாலைந்து நாள் நல்லது.

நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. லியோ 1இன் நடுவரை விலக்கம் (வானத்தின் அட்சரேகை மாதிரி) வடக்கே 12 பாகையைக் கொஞ்சம் தாண்டுகிறது. நம் அட்சரேகையும் அதுதான். வைணு பாப்பு ஆய்வகம் இருக்கும் காவலூரில் இந்தக் கேலக்ஸி உச்சியிலிருந்து அரை பாகைக்குள் கடந்துபோகிறது. புதுச்சேரி, சிதம்பரம், யாழ்ப்பாணம் எல்லா இடத்திலும் தலைக்கு மேலேதான். பாலோமரிலேயே அது 69 பாகை உயரத்துக்குத்தான் ஏறும். உயரம் கூடக் கூட நடுவில் இருக்கும் காற்றும் தூசியும் குறையும், அடிவானத்து நகர வெளிச்சமும் கீழே போய்விடும்.

இடம் தேற்ற ஒரு சோதனை. மகத்துக்கு மேற்கே இருபது பாகைக்குச் சற்று மேல் தள்ளிப் பூசம் இருக்கும். வெறுங்கண்ணுக்கு அது ஒரு பஞ்சுத் துணுக்காகத் தெரிய வேண்டும். தேடித்தான் தெரிகிறது என்றால் அன்றைக்கு வேறு பொருள் பாருங்கள். அடுத்த சோதனை ஐபீஸில். மகத்துக்குக் கிழக்கே சுமார் ஒன்பதரை பாகையில் எம் 105 கேலக்ஸி. அதன் பக்கத்தில் என்ஜிசி 3384 சுலபமாகத் தெரியும். மூன்றாவதாக என்ஜிசி 3389 என்று ஒன்று, 12ஆம் பொலிவெண். அது தடுமாறாமல் தெரிந்தால் வானமும் உங்கள் கண்ணும் தயார்.

கருவி

8 அங்குல டாப்சோனியன் (சுழலும் அடித்தளத்தில் உட்காரும் எளிய கண்ணாடித் தொலைநோக்கி) போதும். 10 இருந்தால் சௌகரியம். மிக இருண்ட இடங்களில் 4, 5 அங்குலத்திலேயே பார்த்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் முதல் முயற்சிக்கு அதை நம்ப வேண்டாம்.

அளவைவிடச் சுத்தம் முக்கியம். குழாயின் வாய்ப்பக்கம் உள்ள சிறிய கண்ணாடியில் தூசி, ஐபீஸில் கண்மை அல்லது விரல் எண்ணெய், குழாய்க்குள் பளபளக்கிற ஓர் ஆணி, இவை ஒவ்வொன்றும் மகத்தின் ஒளியைச் சிதறவைத்துப் புலம் முழுக்கச் சாம்பல் பூசிவிடும். கிளம்புவதற்கு முன்தினம் பகலிலேயே ஐபீஸைத் துடைத்து வையுங்கள். குறைந்த வில்லைகள் உள்ள சாதாரண பிளாசல் வகை இங்கே விலையுயர்ந்த அகலக்கோண ஐபீஸுக்குச் சளைத்ததல்ல. மலையில் பனி இறங்கும், ஐபீஸ் மூச்சுப்பட்டும் மங்கும். ஒரு துளி ஈரம் போதும், எல்லாம் கெட்டுவிடும். இரண்டாவது ஐபீஸைச் சட்டைப்பைக்குள் வைத்துச் சூடாக வைத்திருந்து மாற்றிக்கொள்ளலாம்.

நெபுலாவுக்கான வடிகட்டிகள் இங்கே பயன்படாது. கேலக்ஸியின் ஒளி நட்சத்திரங்களின் ஒளி. எல்லா அலைநீளத்திலும் இருக்கும். வடிகட்டி அதையும் சேர்த்துத் தின்றுவிடும்.

உருப்பெருக்கக் கணக்கு ஒன்று போடுவோம். மகத்துக்கும் லியோ 1க்கும் இடைவெளி எவ்வளவு? சில இடங்களில் 12 வில்நிமிடம் என்று எழுதியிருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு ஆயங்களை (வானில் இடம் குறிக்கும் எண்களை) எடுத்துக் கழித்துப் பாருங்கள்: நடுவரை விலக்கம் லியோ 1க்கு 12 பாகை 18 நிமிடம், மகத்துக்கு 11 பாகை 58 நிமிடம். வித்தியாசம் 20. வலஏற்றம் (கிழக்கு மேற்கு இடத்தைச் சொல்வது) இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே, 10 மணி 8 நிமிடம். ஆக நேர் வடக்கு, 20 வில்நிமிடம்.

1200 மி.மீ. குவியத்தொலைவு உள்ள 8 அங்குலத்தில் 12 மி.மீ. பிளாசல் போட்டால் 100 மடங்கு. ஐபீஸின் 50 பாகைத் தோற்றப்புலத்தை 100ஆல் வகுத்தால் அரை பாகை, அதாவது ஒரே பார்வையில் தெரியும் வானம் 30 வில்நிமிடப் புலம். கேலக்ஸியை நடுவில் வைத்தால் மகம் ஓரத்துக்கு வெளியே 5 வில்நிமிடத்தில் நிற்கும். போதாது, ஓரத்திலிருந்து பிரதிபலிப்பு பாயும். புலத்தை இன்னும் 5 வில்நிமிடம் வடக்கே தள்ளுங்கள். கேலக்ஸி நடுவிலிருந்து சற்றுத் தெற்கே இறங்கும், மகம் 10 வில்நிமிடம் வெளியே போய்விடும். 60, 70 மடங்கிலும் பார்க்கலாம், விதி ஒன்றுதான்: மகம் வெளியே, கேலக்ஸி உள்ளே, சுற்றிலும் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் வானம். மிக அதிகம் பெருக்கினால் கேலக்ஸியே புலம் முழுவதும் நிரம்பி, ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது.

ஐபீஸில்: படிப்படியாக

முதலில் நேரம். உச்சியை எட்டியபிறகு பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். டாப்சோனியனைத் தலைக்கு மேலே நேராகத் திருப்பினால் பக்கவாட்டில் நகர்த்தவே முடியாது. மகம் உச்சிக்கு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னிருந்து முக்கால் மணி நேரம் முன்வரை, கிழக்கே 60 முதல் 78 பாகை உயரத்தில் இருக்கும்போது பாருங்கள். பிந்திவிட்டால் உச்சி தாண்டி மேற்கே சாயட்டும்.

அடுத்தது இருட்டுக்குக் கண்ணைப் பழக்குவது. அரை மணி நேரம், போன் இல்லாமல். வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டே கண் பழகாது. வரைபடம் பார்க்க மங்கிய சிவப்பு விளக்கு.

இப்போது மகத்தை ஐபீஸுக்குக் கொண்டுவர வேண்டும். இங்கேதான் பலரும் காத்திருந்ததை எல்லாம் ஒரு நொடியில் இழக்கிறார்கள். 8 அங்குலத்தில் மகம் கண்ணைப் பறிக்கும். ஆகவே மகத்தை இடது கண்ணால் பிடித்து நடுவில் வையுங்கள், வலது கண்ணை உள்ளங்கையால் மூடியே வைத்திருங்கள். கேலக்ஸியைப் பார்ப்பது வலது கண். இடது கண் பழக்கம் என்றால் மாற்றிச் செய்யுங்கள்.

மகத்துக்கு வடமேற்கே 3 வில்நிமிடத்தில் 8ஆம் பொலிவெண்ணில் ஒரு துணை நட்சத்திரம் இருக்கும். அதைக் கண்டுகொள்ளுங்கள், அதுதான் உங்கள் அளவுகோல். அந்த இடைவெளியைப்போல் ஏழு மடங்கு போனால் லியோ 1.

வடக்கு எது? தொலைநோக்கி படத்தைத் தலைகீழாக்கும், சிலது கண்ணாடிபோல் இடவலமும் மாற்றும். அதையெல்லாம் மனதில் புரட்ட வேண்டாம். குழாயின் முனையைத் துருவ நட்சத்திரம் பக்கம் லேசாகத் தள்ளுங்கள். புது நட்சத்திரங்கள் எந்த ஓரத்திலிருந்து உள்ளே வருகின்றனவோ அதுதான் வடக்கு.

நம் ஊர் அட்சரேகையில் இதில் ஒரு சுகம் இருக்கிறது. கிழக்கே உயரத்தில் இருக்கும் மகத்துக்கு வடக்கு என்பது கிட்டத்தட்ட கிடைமட்டமாக இடது பக்கம். டாப்சோனியனில் குழாயை ஏற்றாமல் இறக்காமல் இடப்பக்கம் சுழற்றினாலே லியோ 1க்குப் போய்விடலாம். 70 பாகை உயரத்தில் வானத்தில் 20 வில்நிமிடம் நகர, அடித்தளத்தை ஏறத்தாழ ஒரு பாகை சுழற்ற வேண்டியிருக்கும், கை கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். அதன்பிறகு வானம் ஓடுவது மேல்நோக்கி மட்டும்தான். 30 வில்நிமிடப் புலத்தைக் கடக்க இரண்டு நிமிடம் ஆகும். குழாயை மெல்ல உயர்த்திக்கொண்டே போனால் போதும், மகம் உள்ளே நழுவி வராது.

இதே காரணத்தால் ஒரு தொல்லையும் உண்டு. சிறிய கண்ணாடியைத் தாங்கும் நான்கு கம்பிகள் பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி நான்கு கதிர் விடும். உங்கள் டாப்சோனியனில் அந்தக் கம்பிகள் நேராக நிற்கும் கூட்டல் குறியாக இருந்தால், ஒரு கதிர் கிடைமட்டமாக, சரியாகக் கேலக்ஸியின் திசையில் நீளும். காத்திருந்தாலும் விலகாது, ஏனென்றால் நம் ஊரில் அந்தக் கோணம் மணிக்கணக்கில் மாறுவதே இல்லை. பெருக்கல் குறியாக இருந்தால் கவலையில்லை. வளையத்தில் உட்காரும் குழாய் என்றால் 45 பாகை திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் பிடித்தாயிற்றா? தலையோடு ஐபீஸையும் சேர்த்துக் கறுப்புத் துணியால் போர்த்திக்கொள்ளுங்கள். வலது கண்ணால் பார்க்கிறவர் கேலக்ஸி இருக்குமிடத்துக்கு வலப்பக்கமாகப் பார்வையை நிறுத்த வேண்டும். இடது கண் என்றால் இடப்பக்கமாக. அப்போதுதான் அதன் ஒளி விழித்திரையின் குருட்டுப்புள்ளியைத் தவிர்த்து, மங்கலொளி உணரும் பகுதியில் விழும். மூச்சை அடக்காதீர்கள், ஆக்சிஜன் குறைந்தால் கண்தான் முதலில் சோரும். ஒன்றும் தெரியவில்லையா, குழாயை விரல்நுனியால் தட்டுங்கள். அசையாத மங்கலைவிட அசைகிற மங்கலைக் கண் எளிதாகப் பிடிக்கும்.

தெற்குச் சோதனை

ஏதோ தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போதே கொண்டாட வேண்டாம். மகத்துக்குத் திரும்பி வந்து (மறுபடி இடது கண்), அதே அளவு வலப்பக்கம், அதாவது தெற்கே போங்கள். மகம் இப்போது புலத்தின் வடக்கு ஓரத்துக்கு வெளியே, முன்பிருந்த அதே தொலைவில். அங்கே லியோ 1 இல்லை. மகத்தின் ஒளிச்சிதறல் மட்டும் இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும்.

தெற்கிலும் அதே மாதிரி ஒரு வெளிச்சம் தெரிந்தால், நீங்கள் வடக்கில் பார்த்தது மகத்தைத்தான். இன்னொரு வித்தியாசம் கவனியுங்கள். சிதறல் மகத்தின் பக்கம் அடர்ந்து, விலக விலகக் குறைந்துகொண்டே போகும். கேலக்ஸி அப்படியல்ல, மகத்திலிருந்து விலகும்போது முதலில் இருள், அப்புறம் மெல்லக் கூடி, மறுபடி இருள். அந்த இடையிருளைப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. கூட நண்பர் இருந்தால் எந்தப் பக்கம் என்று சொல்லாமல் அவரை நகர்த்தச் சொல்லி, நீங்கள் பார்த்துப் பதில் சொல்லுங்கள். தற்செயலாகவும் சரியாக வரும் என்பதால் பலமுறை செய்ய வேண்டும்.

எப்படித் தெரியும்?

சுருளோ, கருவோ, விளிம்போ எதிர்பார்க்காதீர்கள். கிழக்கு மேற்காகச் சற்றே நீண்ட, ஒரே சீரான மங்கல். நடுவில் மிக லேசாகக் கூடியிருக்கும். அதன் பிரகாசமான நட்சத்திரங்களே 20ஆம் பொலிவெண்ணை ஒட்டியவை, ஆகவே ஒரு புள்ளியும் தனித்துத் தெரியாது. புகைப்படத்தில் பார்த்தவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். இந்த மங்கலுக்குள்தான் 33 லட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளை இருப்பதாக 2021ல் டெக்சஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று கணக்கிட்டது. அந்தக் கணக்கு அதிகம் என்று பிறகு மறுப்புகளும் வந்தன.

படத்தோடு ஒப்பிடும் முன்பே குறித்து வையுங்கள்: நேரம், உயரம், தொலைநோக்கி, உருப்பெருக்கம், எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் நீட்சி, தெற்குச் சோதனையில் என்ன தெரிந்தது. உறுதி, சந்தேகம், இல்லை என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். "சந்தேகம்" என்று எழுதிய குறிப்பு, அவசரப்பட்டு "உறுதி" என்று எழுதியதைவிட அடுத்த வருடம் அதிகம் உதவும்.

முன்கூட்டியே பயிற்சி வேண்டுமானால் கார்த்திகை, மார்கழி முன்னிரவில் ஆண்ட்ரோமெடாவின் மிராக் நட்சத்திரத்தைப் பாருங்கள். அதற்கு 7 வில்நிமிடத்தில் என்ஜிசி 404 இருக்கிறது, 1784ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டது. நட்சத்திரத்துக்கு இன்னும் நெருக்கம், ஆனால் ஒளி குவிந்த கேலக்ஸி என்பதால் சுலபம். இந்த இடது கண், வலது கண் பழக்கமெல்லாம் அங்கேயே கைவந்துவிடும்.

லியோ 1 உறுதியாகக் கிடைத்தவர்களுக்கு அடுத்தது லியோ 2. சிம்மத்திலேயே, பூரத்தின் இரு நட்சத்திரங்களில் வடக்கிலுள்ள சோஸ்மாவுக்கு வடக்கே ஒன்றரை பாகைக்குச் சற்று மேல். பக்கத்தில் கண்ணைப் பறிக்கும் நட்சத்திரம் இல்லை, ஆனால் பொலிவெண் 12, பரந்த மங்கல். அதற்கு 8 அங்குலத்தை நம்பிப் போக வேண்டாம். 12 அங்குலத்துக்கு மேல் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள்.